பதிவேட்டில் ஏறாத படம்

எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். ஊரில் பாதிப் பேரை அவளுக்கு முகத்தால் தெரியாது, முட்டியால்தான் தெரியும் என்பார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், "டாக்டர் சொல்வாரு" என்பதற்கு மேல் ஒரு சொல் உதிராது. சொந்த மாமியார் இடுப்பு உடைந்து வந்து கிடந்தபோதும் அதே பதில்தான்; அந்த அம்மாள் கடைசிவரை மன்னிக்கவில்லை. படம் எடுப்பது அவள் வேலை, படிப்பது டாக்டர் வேலை.

அவள் மகளுக்கு ஹாக்கி மைதானத்தில் பீரங்கி என்று பெயர். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்து, இடுப்பை முறுக்கிச் சுண்டிவிடுவாள். அது வலையைக் கிழித்துக்கொண்டு போய், மூன்றாவது தெரு மாடியில் காய்ந்த போர்வையையும் கிழித்தது என்று கதை கட்டினார்கள். போர்வைக்காரர் யார் என்று மட்டும் இன்றுவரை துப்பில்லை. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பெரிய அணிக்கென்றே பிறந்தவள் என்று பத்திரிகையில் நாலு வரி வந்தது.

அந்த வருஷம் பெரிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கீழ்முதுகு வலிக்கிறது என்றாள் மகள். காலை ஷிப்டு முடிந்ததும் அம்மா அவளை மேஜையில் சாய்த்துப் படுக்கவைத்து, பதிவேட்டில் பேர் ஏற்றாமல் ஒரு படம் எடுத்தாள். திரையில், கடைசி முள்ளெலும்பில், தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மூன்று மாதம் மட்டையைத் தொடாதே என்று எந்த டாக்டரும் சொல்லிவிடக்கூடிய கோடு.

"என்னம்மா இருக்கு?" என்றாள் மகள், சட்டையை இழுத்துவிட்டபடி.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு படத்தைப் படித்துச் சொன்னாள். "ஒண்ணுமில்ல. வெறும் தசைப்பிடிப்பு."

படத்தை அழித்தாள். தேர்வு முடியட்டும், மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போய்விடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மகள் தேர்வானாள். பிறகு முகாம், முகாமுக்குப் பின் போட்டி. அந்த மறுநாள் வரவேயில்லை.

இரண்டு வருஷத்தில் பீரங்கி நமுத்துப்போனது. பந்து கோலுக்குப் போகும் வழியில் கொட்டாவி விட்டது. கூட ஆடியவர்கள் மேலே போனார்கள். இவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தினம் நூறு பந்து அடிக்கவைத்துப் பயிற்சியாளர் பிள்ளையைச் சக்கையாகப் பிழிந்துவிட்டார் என்றது ஊர். ஒரு தடவை அம்மாவும் சேர்ந்து சொன்னாள்.

குனிந்து ஷூ கட்ட முடியாமல் போனபோதுதான் அவள் ஆடிய கிளப் ஸ்கேன் எடுத்தது. பழைய விரிசல், எலும்பு நழுவிவிட்டது. இனி விளையாட்டு இல்லை.

கிளப் செயலாளர் அறையில் பயிற்சியாளரை விசாரித்தார்கள். அம்மாவும் மகளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்போதே ஓர் எக்ஸ்ரே எடுத்திருந்தால் சேர்ந்திருக்குமே, ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார் செயலாளர். பிள்ளை வலி என்று வாயே திறக்கவில்லை என்றார் பயிற்சியாளர். அவர் முன்னால் ராஜினாமாக் கடிதம் தட்டச்சாகிக் கிடந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு சார்," என்றாள் அம்மா. "நான்தான் எடுத்தேன். விரிசல் தெரிஞ்சுது. அழிச்சுட்டேன்."

பயிற்சியாளர் பேனாவை மூடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. "நூறு அடிக்க வெச்சது நான்தானே அக்கா," என்றார் மெல்ல.

மகள் அம்மா பக்கம் திரும்பவில்லை. "படம் எடுத்தியே, அன்னைக்கேவா தெரியும்?"

"அன்னைக்கேதான்."

"அன்னைக்குச் சாயங்காலம் எண்பது அடிச்சேன்," என்றாள் மகள். "நீதாம்மா பந்து பொறுக்கிப் போட்டே."