தொட்டியில் படிந்த மஞ்சள் கோடு

இது நடந்தது. என்னோடு வந்த அஃபீபாதான் சாட்சி. ஆனால் அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நானும் அவரும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். பதினொரு வருடமாக வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறேன். மலம், சலம், வாந்தி, புண்... எதற்கும் முகம் சுளித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

போன பெப்ரவரியில் இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. ரொறன்ரோவில் முழங்காலளவு பனி. உருகுவேயின் தலைநகர் மொண்டெவிடியோவில் அப்போது கோடை. அங்கே பழைய நகரில், கடலுக்கு ஐந்து நிமிட நடைதூரத்தில், நூறு வருடப் பழைய வீடொன்றின் மூன்றாம் மாடியை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்தோம். காலையில் கடலோரம் நடப்பது, மத்தியானம் படுப்பது. வேறு திட்டமில்லை.

எனக்கு மட்டும் இன்னொரு ஆசை இருந்தது. குளியலறையில் பெரிய வெள்ளைத் தொட்டி. அதில் அசையாமல் கிடந்து குளிக்க வேண்டும், யாரையும் தேய்த்துவிடாமல்.

முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் தொட்டியின் உட்புறத்தில் சுற்றிவர ஒரு மஞ்சள் கோடு. விரலால் தொட்டேன். கொழுப்பு.

"நீங்க எண்ணெய் வச்சுக் குளிச்சீங்களா?"

"இல்ல லக்ஷிகா. நான் மூலையில இருக்கிற ஷவர்லதான் குளிக்கிறன்," என்றார் அஃபீபா.

தேய்த்துக் கழுவினேன். மூன்றாம் நாள் அதே உயரத்தில் அதே கோடு. அடியில் ஒரு நகமும் கிடந்தது. கால் பெருவிரல் நகம். முழுதாக.

நாங்கள் வெளியே போகும்போது வீட்டுக்காரி வந்து குளிக்கிறாள் என்று நினைத்தேன். அருவருப்பில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் மழை. வீட்டிலேயே இருந்தோம். கதவைப் பூட்டி, தொட்டியை மூன்று தரம் கழுவினேன். பின்னேரம் 2.40க்குப் பாதித் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துவிட்டு இறங்கி உட்கார்ந்தேன்.

தண்ணீர் விளிம்பைத் தாண்டி நிலத்தில் கொட்டியது.

பாதிதானே பிடித்தேன்...

குழாய் மூடித்தான் இருந்தது.

அப்போது அந்த மணம் வந்தது. எனக்குத் தெரிந்த மணம். முன்பு வீடு வீடாகப் போய்ப் பராமரித்த காலத்தில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், பல நாள் யாருமே கதவு திறக்காத ஒரு அப்பாட்மென்டில் மணந்தது.

ளப்...

என் முதுகுப் பக்கம் தண்ணீர் அசைந்தது.

தோளில் ஏதோ ஒட்டியது. ஊறிய சோப்பைப் போல மெத்தென்று. பிய்த்துப் பார்த்தேன்.

தோல்.

அதில் ஒரு மயிர் முளைத்திருந்தது.

அதை உதறி எறிந்தேன்.

காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்...

மெதுவாக. சுகமாக.

2.47.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. நிலத்தில் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஓடிவந்த அஃபீபா துவாயால் என்னைப் போர்த்தினார். பிறகு தொட்டியைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"லக்ஷிகா..."

"என்ன?"

"நீங்க வெளிய வந்திட்டீங்க. தண்ணி இன்னும் இறங்கல்லயே."

தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது.

இருபது நிமிடத்தில் பெட்டிகளோடு தெருவில் நின்றோம். மிச்ச நாட்களை ஒரு ஹோட்டலில் கழித்தோம். நான் முகம் கழுவக்கூடப் போத்தல் தண்ணீர்தான் பாவித்தேன்.

கனடாவில், அஜக்ஸில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பிய பிறகு வீட்டுக்காரிக்கு எழுதினேன். தொட்டி ஊத்தை என்று மட்டும். மற்றதை எழுதக் கை வரவில்லை.

அடுத்த நாள் காலை 9.15க்குப் பதில் வந்தது. மன்னிக்கச் சொல்லியிருந்தார். அங்கே தனியாக வாழ்ந்த ஒரு வயதான பெண் முந்தைய கோடையில் தொட்டியில் குளிக்கும்போது இறந்துபோனாராம். பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. 'அந்தத் தொட்டியையாவது மாற்றியிருக்கலாமே' என்று எழுதினேன்.

9.19க்கு மறுபடி பதில்.

'மாற்றினோம். நீங்கள் குளித்தது மூன்றாவது தொட்டி. நீங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் கடையிலிருந்து புதிதாக இறக்கினோம்.'