வசியம் என்று ஒரு சொல்

ஆசிரியர் அறையின் சிமெண்டுத் தரையில் எலுமிச்சைச் சோறு சிதறிக் கிடந்தது. அதன்மேல் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. வசியம் என்ற சொல்லை யார் சொன்னாலும் இன்றும் என் கண்ணில் முதலில் தெரிவது அந்தச் சோறுதான்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் தமிழ் ஆசிரியை. எனக்கு அடுத்த நாற்காலி கணக்கு டீச்சருடையது. தோட்டந்துரவுள்ள குடும்பத்து இளைஞர் ஒருவர் வீட்டை எதிர்த்து அவரை மணந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேறு சாதி. சோற்றில் மருந்து வைத்துத் தம்பியை மயக்கிவிட்டாள் என்று கணவரின் அண்ணன்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். டீச்சர் அதைக் கேட்டுச் சிரிப்பார். "என்ற சமையலைத் தின்னு ஆருங்க மயங்குவாங்க? பாதி நாள் உப்புப் போடவே மறந்துபோடறேன்."

ஒரு நாள் மதிய இடைவேளையில் அந்த அண்ணன்கள் இருவரும் உள்ளே நுழைந்தார்கள். மூத்தவன் டீச்சரின் பின்னலைக் கையில் சுற்றி, முகத்தை மேசையில் மோதினான். சாப்பாட்டு டப்பா கவிழ்ந்தது. "எங்க தம்பியை வசியம் பண்ணிப்போட்டயில்லடி? இப்ப நீயே தின்னு பாக்கலாம்!" தரையிலிருந்து சோற்றை அள்ளி அவர் வாயில் திணித்தான். முன்பல் ஒன்று உடைந்தது. நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். இளையவன் தள்ளிய வேகத்தில் பீரோவில் மோதி என் மணிக்கட்டு முறிந்தது.

புகார் கொடுத்தோம். காவல் நிலையத்துக்கு டீச்சரின் கணவரையும் வரவழைத்தார்கள். அன்று காலையில்தான் அண்ணன்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோய், மருந்து எடுக்கிறோம் என்று சொம்பு சொம்பாக உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தியெடுக்க வைத்திருந்தார்கள். கழுத்தில் விரல் தடங்கள் கன்றியிருந்தன. "உங்க சம்சாரம் மருந்து வெச்சது நெசமாங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கணவர் மூத்த அண்ணனைப் பார்த்தார். "ஆமாங்க. நான் என்ற வசத்துலயே இல்லீங்க."

அதுவரை அழாத டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த டீச்சரைப் பார்க்கப் போனேன். "தமிழம்மா, வசியம்னா மொதல்ல என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். வசம் என்பதிலிருந்து வந்தது. வசம் வடமொழிச் சொல். அதன் வேருக்கு விரும்புதல் என்று பொருள். அடக்கி ஆளுதல் என்பதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்டது.

"ஆசைப்படறதுங்களா?" தையல் போட்ட உதட்டைத் தொட்டுக்கொண்டார். "அப்ப அவங்க சொன்னது நெசந்தானுங்க. ரெண்டு பேரும் ஆசைதான் பட்டோம்."

அப்போது வாசலில் கணவர் வந்து நின்றார். டீச்சர் எழுந்து போனார்.

"ஆரு அனுப்புனாங்க?"

"ஆருமில்ல அம்மணி. நானாத்தான் வந்தேன்."

"அதையப் போலீஸ் ஸ்டேசன்ல வந்து சொல்லுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு டீச்சர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. கணவர் வாசற்படியிலேயே வெகுநேரம் நின்றிருந்தார். பஸ் சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கினார்.