துரை வீட்டு மிட்டாயும் கமர்கட்டும்

சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது என் புகுந்த வீடு. அதன் முன்னறைதான் மிட்டாய்க் கடை. என் மாமனார் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல்காரராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பியதும், அங்கே கற்ற மிட்டாய்ப் பக்குவத்தை நம்பிக் கடை போட்டாராம். நான் மருமகளாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அத்தைதான் கடையை நடத்தினார். தந்தி ஆபீசில் வேலை பார்த்த என் கணவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பாகு கிண்டிக் கொடுப்பதோடு சரி.

எல்லாம் வெள்ளைச் சர்க்கரை மிட்டாய்கள். பெப்பர்மிண்ட், ஆரஞ்சுச் சுளை, ரோஜா நிறத்தில் முறுக்கிய குச்சி. கடற்காற்றுக்குப் பிசுபிசுத்துவிடும் என்று ஜாடி மூடிகளை அத்தை துணி சுற்றி இறுக்கி வைப்பார். நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரி. தாய்வீட்டிலிருந்து முதல் தடவை கமர்கட்டு கொண்டுவந்தபோது, பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த அத்தை, "இத்த உள்ள வையி. நம்மளுது துரை வீட்டு மிட்டாய். யாராச்சும் பாத்தா இன்னா நெனைப்பாங்க?" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு தாய்வீட்டுப் பலகாரம் எதையும் நான் கொண்டுவரவில்லை.

அப்புறம் யுத்தம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் காலியாகி, மெல்லத் திரும்பியும் வந்தது. சர்க்கரைதான் ரேஷனுக்குப் போய்விட்டது. கிடைத்தது வீட்டுக் காப்பிக்கே போதவில்லை. ஜாடிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அத்தை அவற்றைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்தார். காலையில் வழக்கம்போல் கதவைத் திறந்து, வெறும் ஜாடிகளுக்குப் பின்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒருநாள் மத்தியானம், நான் அரிசி களைந்துகொண்டிருக்கையில் அத்தை அடுப்படிக்கு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்கம்மா அந்தக் கமர்கட்ட எப்டிம்மா பண்ணுவாங்க?"

பழையதைச் சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. ஆனால் அவர் என்னை அப்படி 'அம்மா' போட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வெல்லமும் தேங்காயும் இருந்தா போதும் அத்தை" என்றேன்.

முதல் ஈடு, பாகு முற்றிக் கல்லாகிவிட்டது. வாங்கிப்போன மீன்காரம்மா மறுநாள் வாசலில் நின்று, "இன்னாமா இது, பல்லே பூடும் போல கீது!" என்று கத்தினார். அத்தைக்கு வெட்கம், எனக்குச் சிரிப்பு. அந்தம்மா தெருமுனை தாண்டியதும் அத்தையும் சிரித்துவிட்டார். மறுபடி கிண்டினோம். சூட்டோடு உருட்டியதில் இரண்டு பேருக்கும் உள்ளங்கை சிவந்துபோயிற்று. இந்தத் தடவை சாயங்காலத்துக்குள் தட்டு காலி.

யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் சர்க்கரை தாராளமாகக் கிடைத்தது. அந்த வருஷம் மாதா திருநாளுக்கு மிட்டாய் வாங்க ஒரு கன்னியாஸ்திரீ வந்தார். நான் பெப்பர்மிண்ட் ஜாடியை எடுத்தேன்.

"அது வேணாம்மா. அந்தக் கறுப்பு மிட்டாய் குடுங்க. பிள்ளைங்க அதத்தான் கேக்குதுங்க."

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "எம் மருமவ கைப்பக்குவம் சிஸ்டர்" என்றார்.

நான் குனிந்து பொட்டலம் கட்ட ஆரம்பித்தேன். எத்தனை உருண்டை போட்டேன் என்பது மறந்துபோய், முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.