கூடத்து ரிசீவர்

மகளின் கல்லூரி விண்ணப்பத்தை என் செல்போன் நெட்டில் அனுப்பிக்கொண்டிருந்தேன். முடியப்போகும் நேரத்தில் அழைப்பு வந்து நெட் அறுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பள்ளியில் படித்த காலத்தில், குன்னத்தில் இருந்த எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அக்காவின் பிளஸ் டூ ரிசல்ட் அன்று டெலிபோன் வயரைக் கம்ப்யூட்டரில் செருகினோம். மோடம் கீச்சிட்டுக் கரகரத்தது. பக்கம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. பெயர் வந்துவிடும், மார்க் வருவதற்குள் அறுந்துவிடும். எட்டிப் பார்த்தால், அதே லைனில் இருந்த கூடத்து போனின் ரிசீவரைக் காதில் வைத்தபடி அப்பா நிற்பார்.

"எடுக்காதீங்கன்னு எத்தனை தடவைப்பா சொல்றது?" என்று அக்கா அழுதாள்.

"நான் பேசவே இல்லையே! நெட் வந்துடுச்சான்னு காது கொடுத்துக் கேட்டேன், அவ்வளவுதான்."

இப்போது அழைத்தவரும் அவர்தான்.

"என்னம்மா, அப்ளிகேஷன் போயிடுச்சா?"

"போயிக்கிட்டுதாம்ப்பா இருந்துச்சு."