ஒரு ‘உம்’முக்குப் பத்தாயிரம்

என் மனைவி ‘உம்’ என்றால் பழைய கார் விற்பவர்களுக்குக் கிலி. ஒரு ‘உம்’முக்குப் பத்தாயிரம் குறையும் என்பது ஊரறிந்த கணக்கு. அவளுக்கு ‘உம்மக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் வீடு வீடாகத் தபால் கொடுப்பவன், எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஆனாலும் நான் ‘உம்மக்கா வீட்டுக்காரர்’தான்.

அவள் கார் சீட்டு தைக்கும் கடை வைத்திருக்கிறாள். பழைய கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் அவளைத்தான் கூட்டிப் போவார்கள். அவள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்கவே மாட்டாள். கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பார்ப்பாள். பிரேக் பெடலின் ரப்பரைத் தடவுவாள். துணி சுற்றிய காந்தத்தைக் கதவிலும் மட்கார்டிலும் வைத்து, எங்கே ஒட்டவில்லையோ அங்கே தகட்டுக்குப் பதில் பட்டி பூசி மெழுகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பாள். கடைசியில் சீட்டை அழுத்துவாள். “கிலோமீட்டர் காட்டுற மீட்டரைத் திருப்பி வைக்கலாம். தேஞ்ச சீட்டை என்ன பண்ணுவாங்க?” என்பாள். இவ்வளவும் செய்யும்போது முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களுக்காகப் பார்த்தவள், ஐம்பத்தோரு வயதில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “எனக்கு ஒரு கார் வேணும். பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, மேல திறந்தது.”

எனக்குப் புரையேறிவிட்டது. “நமக்கெதுக்கும்மா அது?”

“நமக்கு இல்ல. எனக்கு.”

ஓய்வு பெற்ற நீச்சல் கோச் ஒருவர் தன்னிடமிருக்கும், நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய மஞ்சள் காரை விற்கிறாராம். ஆறு லட்சம் கேட்கிறார். இவள் சீட்டு தைத்துச் சேர்த்தது நாலரை. “அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. படியலைன்னா திரும்பி வந்துடுவோம்,” என்றாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போகும் வழியில் எனக்குக் கண்டிப்பான உத்தரவு. “என்னங்க, அங்க வந்து வாயைத் திறக்காதீங்க. உங்க பல்லு தெரிஞ்சா அம்பதாயிரம் ஏறிடும்.” நியாயம்தான். ஒரு குடையைப் பார்த்துப் பல்லைக் காட்டி, இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கியவன் நான்.

ஷெட்டைத் திறந்தார் கோச். அந்த மஞ்சளைப் பார்த்ததும் நான் கன்னத்தை உள்ளிருந்து கடித்துக்கொண்டேன். இவள் வேலையை ஆரம்பித்தாள்.

“வலது கதவுல காந்தம் நிக்கலை. உம்.”

கோச் அந்தக் கதவைக் கையால் துடைத்துவிட்டார்.

“கால் வைக்கிற இடத்துல அடித்தகடு முழுக்கத் துரு. பிரேக்கும் தேஞ்சிருக்கு. உம்.”

“இன்ஜின் ஒரிஜினல்மா,” என்றார் கோச் அவசரமாக. “நம்பரைப் பாருங்க, பதிவுப் புத்தகத்தோட ஒத்துப்போகும்.”

எண் எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தாள். “சரிதான். இதுக்கு உண்டான மதிப்பைக் கொடுத்துத்தான் ஆகணும்.” பிறகு இரண்டு சீட்டையும் அழுத்தினாள். ஓட்டுநர் சீட்டு குழிந்திருந்தது. பக்கத்து சீட்டின் மேல் வைத்த கையை எடுக்க அவளுக்கு நேரமானது. அதற்கு ‘உம்’ வரவில்லை.

ஓட்டிப் பார்ப்பது எப்போதும் வாங்குபவர் வேலை. இவள் ஓரமாக நின்று சத்தத்தைக் கேட்பாள். அன்றைக்கு வாங்குபவளே இவள்தானே. தயங்கித் தயங்கி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். கோச் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

பத்து நிமிடத்தில் முதலில் இன்ஜின் சத்தம் வந்தது. கூடவே ஒரு சிரிப்பு. இருபத்தெட்டு வருடமாக வீட்டுக்குள் மட்டுமே நான் கேட்ட சிரிப்பு, இப்போது தெரு முழுக்கக் கேட்டது. முடியெல்லாம் கலைந்து, கண்ணில் தண்ணீர் வர வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வந்து நிறுத்தினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் அவளை அப்படிப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் கவனித்தேன், பக்கத்தில் கோச்சும் சிரித்துக்கொண்டிருந்தார். “இருபது வருஷமா ஓட்டுறேன்மா, இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்ல! இங்கேயிருந்து பார்த்தா வேற காரு மாதிரி இருக்கு!”

இறங்கியதும் மனிதர் சுதாரித்துக்கொண்டார். “இவ்வளவு சிரிச்சுட்டு, இனிமே எப்படிம்மா குறைச்சுக் கேப்பீங்க?”

இவள் முகம் சட்டென்று வாடியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். “நீங்களும்தான் சிரிச்சீங்க சார். அதுக்கு இது சரியாப் போச்சு. இனி காரைப் பத்தி மட்டும் பேசுவோம்.”

பேசினாள். “நல்ல நிலையில இருந்தா ஆறு தகும், ஒத்துக்கறேன். அடித்தகடு வெட்டி ஒட்ட ஒண்ணேகால் ஆகும். கதவுக்கும் பிரேக்குக்கும் முக்கால். நாலேகால் தர்றேன். இதுல உங்களுக்கும் நஷ்டமில்ல, எனக்கும் இல்ல.”

கோச் மண்டியிட்டு, கால்மிதியைத் தூக்கி, துருவைத் தானே விரலால் சுரண்டிப் பார்த்தார். எழுந்து சாவியை அவள் கையில் வைத்தார். “நல்லா சிரிச்சுக்கிட்டே ஓட்டுங்கம்மா.”

வீட்டுக்கு வரும் வழியில், முட்டி முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்த நான் மெதுவாகக் கேட்டேன். “ஆறுல ரெண்டு போனா நாலுதானே? அந்தக் கால் எதுக்கு?”

“நீங்க உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு. அவர் வாங்கினப்போ புதுசா தைச்ச சீட்டு, கொஞ்சம்கூடத் தேயலைங்க. அந்த மனுஷர் இருபது வருஷமா தனியாவே போயிருக்கார்.” கியரை மாற்றினாள். “நல்லா அழுத்தி உட்காருங்க. இது தேயணும்.”

அழுத்தி உட்கார்ந்தேன். வாயெல்லாம் பல்லாகத்தான். இனி யாரும் விலையை ஏற்ற முடியாது.