புகை அடங்கிய கனல்

டிசெபோவிடம் வேண்டாம் என்று சொன்னால், அது அவள் காதில் ‘செய்’ என்றுதான் விழும். க்வாக்வா மலையடிப் பல்கலைக்கழகத்தில் இது எல்லாருக்கும் தெரியும், அவளுடைய பேராசிரியர் மொட்டாவுங்கைத் தவிர.

குளிர்காலத்தில் அந்தப் பக்கத்தில் ஓட்டை போட்ட தகர டின்னில் நிலக்கரி மூட்டி வாசலில் வைப்பார்கள். புகை அடங்கிக் கனல் சிவந்ததும், இனி ஆபத்தில்லை என்று வீட்டுக்குள் தூக்கி வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். பாழாய்ப்போன அந்தக் கனல் விடும் நச்சுவாயுதான் ஆளைக் கொல்லும். டிசெபோவின் மாமா லெபூசோ, அத்தை, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத அந்த வாயுவைக் கண்டுபிடிக்கத்தான் அவள் தன் ஆய்வுக்கு வெள்ளீய ஆக்சைடை எடுத்தாள். மாவைவிடப் பலமடங்கு பொடியான தூள். வாயு பட்டால் அதில் மின்சாரம் கூடுதலாக ஓடும், மணி அடிக்கும். ஆனால் தூளை முந்நூறு டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். பல்லேடியம் என்ற உலோகத்தைக் கலந்தால் சூடில்லாமலே வேலை செய்யும் என்று நம்பினாள். ஆசை யாரை விட்டது? அள்ளிப் போட்டு ஆய்வக உலையில் சுட்டெடுத்தாள். அது தூளோடு சேராமல் கட்டி கட்டியாகத் திரண்டது. வாயு பட்டும் தூள் பிணம்போலக் கிடந்தது.

“போதும்மா,” என்றார் மொட்டாவுங். “சூடு பண்ற மாதிரியே எழுதிப் பட்டத்த வாங்கிட்டுப் போ. உலைய வேற ஆளுக்குக் குடுக்கப் போறேன்.”

“சூடு பண்ண கரண்ட் வேணும். கரண்ட் இருக்கிற வீட்ல எவன் ஐயா கரி மூட்டுறான்? யாருக்குத்தான் செய்றோம்?”

“வாய் ரொம்ப நீளுது.”

“நீளட்டும். வெள்ளிக்கிழம வரைக்கும் உலை என்கிட்டதான் இருக்கும்.” உலைச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

இம்முறை பல்லேடியத்தை நூற்றில் ஒரு பங்குதான் கலந்தாள். கட்டி எதுவும் திரளவில்லை.

வெள்ளிக்கிழமை மொட்டாவுங்கை இழுக்காத குறையாக மாமாவின் பூட்டிய வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கதவைத் திறந்து போட்டு, கனல் சிவந்த டின்னை நடுவில் வைத்து, பேட்டரியில் இணைத்த தன் கருவியைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

“புகையே இல்லையேம்மா. சின்ன வயசுல நாங்களும் இப்படித்தான் தூங்குவோம்...”

அவர் சொல்லி முடிக்கவில்லை, மணி அலறியது.

மொட்டாவுங் காதைப் பொத்திக்கொண்டார். “சரிம்மா, ஒத்துக்கிறேன். நிறுத்து.”

டிசெபோவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் நிறுத்தவில்லை.

“அடிக்கட்டும் ஐயா. அன்னைக்கு இந்த வீட்ல நாலு பேர எழுப்ப ஒரு சத்தமும் இல்ல.”