தேய்ந்த செருப்பு

இடுப்பு வலி என்று போன என்னிடம் டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார். இடது செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே கால் ஆணி.

“இது குத்தாம இருக்கப் பாதத்தச் சாய்ச்சு வெக்கிறீங்க. அதான் இடுப்பு இழுக்குது” என்றார்.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த அம்மாவின் செருப்பும் இப்படித்தான் தேய்ந்திருக்கும். பீங்கான் பொம்மைகள் அடுக்கிய பலகையைச் சூளைக்குச் சுமப்பது அவள் வேலை. வெள்ளை மண் படிந்த செருப்பை உதறிவிட்டு வந்து குப்புறப் படுப்பாள். அதே கம்பெனியில் மண் பிசைந்த அப்பா, அவள் இடுப்பில் தைலம் தேய்ப்பார். வீடெல்லாம் தைல வாசனை அடிக்கும்.

“மெதுவாங்க, இது என்னா களிமண்ணா?”

“களிமண்ணா இருந்தா இந்நேரம் பதமாயிருக்கும்டி.”

நாங்கள் சிரிப்போம். காலையில் அம்மா சாய்ந்து சாய்ந்து வேலைக்குப் போவாள். வேலையை விட்ட பிறகும் அந்த வலி அவளை விடவில்லை.

அன்று மாலையே ஊருக்கு பஸ் ஏறினேன். நான் போனபோதும் அப்பா தைலம்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“காலக் காட்டும்மா.”

“இடுப்பு வலிக்குதுன்னா காலப் பாக்குறாம் பாருங்க” என்று அம்மா சிரித்தாள்.

இடது பெருவிரலுக்குக் கீழே அழுத்தினேன். சிரிப்பு நின்றது.

“அங்கதாண்டா” என்றாள்.

அப்பா தைல பாட்டிலை மூடிவிட்டு, அவள் காலருகே நகர்ந்து உட்கார்ந்தார்.